வெற்றிபெறாப் படையெடுப்பு: அண்ணன்மார் கதையில் காடும் கழனியும்

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டின் வாய்மொழிக் காப்பியமாகிய அண்ணன்மார் கதையில், வேட்டுவர் தரப்பு வளநாட்டின்மீது தொடுக்கும் தாக்குதல் ‘கொம்பன்’ என்னும் காட்டுப்பன்றியின் வழியாக நிகழ்கிறது. இப்பகுதி பொதுவாக வியப்புச் சுவை மிகுந்த வேட்டை நிகழ்ச்சியாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அதனை ஒரு படையெடுப்பாகக் கொண்டு, அதன் காரணம், இலக்கு, படை, வழி, தாங்குதிறன், முடிவு ஆகிய கூறுகளைக் கதைக்குள்ளிருந்தே மீட்டுருவாக்க முயல்கிறது. தமிழ்ப் புறத்திணை மரபின் வரிசையோடு இக்கூறுகளைப் பொருத்திப் பார்க்கையில், வெட்சியில் தொடங்கிக் காஞ்சியில் முடியும் இக்கதைப் பகுதியில் வாகைக்கு இடமில்லை என்பது புலனாகிறது. எல்லை கடந்தவர் எவரும் எடுத்ததை வைத்துக்கொள்வதில்லை என்பதே இப்புனைவுலகின் போர்விதி எனவும், இவ்விதி கதையை ஒரு தரப்பின் வெற்றிப் பாட்டாக வாசிப்பதற்கு இடந்தரவில்லை எனவும் இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: அண்ணன்மார் கதை, கொங்கு நாடு, வாய்மொழிக் காப்பியம், மிகுபுனைவு, புறத்திணை, கொம்பன், படுகளம்.

1. முன்னுரை

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், திண்டுக்கல் ஆகிய மாவட்டங்களில் பரந்து வழங்குவது அண்ணன்மார் கதை. பொன்னர் சங்கர் கதை என்றும் குன்னுடையான் கதை என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. உடுக்கையை இசைத்துப் பாடப்படுவதால் இது உடுக்கடிப் பாட்டு எனவும் சுட்டப்படும். அண்ணன்மார்க்குக் கோயில்கள் உள்ள ஊர்களில் இது கதையாகக் கேட்கப்படுவதோடு வழிபாடாகவும் நிகழ்கிறது.

காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் களப்பணி செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் இக்கதையின் பாட்டு வடிவத்தை ஒலிப்பதிவு செய்தார். அப்பதிவை அடிப்படையாகக் கொண்ட அவருடைய ‘மூன்று இரட்டையர்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 1982இல் வெளிவந்தது. கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த ‘அண்ணன்மார் சுவாமி கதை’ இதன் அச்சு வடிவங்களுள் குறிப்பிடத்தக்கது. மு. கருணாநிதி இக்கதையைப் ‘பொன்னர் சங்கர்’ என்னும் புதினமாக எழுதினார். அது 2011இல் திரைப்படமாகவும் வந்தது. இவ்வடிவங்கள் நிகழ்ச்சிகளின் வரிசையிலும் பாத்திரங்களின் முதன்மையிலும் தம்முள் வேறுபடுகின்றன. இக்கட்டுரை பாட்டு வடிவத்தை முதன்மையாகக் கொள்கிறது. தேவையான இடங்களில் பிற வடிவங்களைச் சுட்டுகிறது.

கதையின் நிகழ்களம் வளநாடும் அதனை அடுத்த வீரமலைக் காடும் ஆகும். அங்குக் கிளி செய்தி சொல்கிறது; பன்றி அறைகூவல் விடுக்கிறது; மாயவர் மனித உருவில் நடமாடுகிறார். இத்தகைய உலகில் நிகழும் போருக்குத் திட்டம், இலக்கு, தாங்குதிறன் ஆகியவற்றைத் தேடுவது பொருந்துமா என்ற வினா எழலாம். பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. மிகுபுனைவு இயற்கை விதிகளை மீறலாம். தனக்கென வகுத்துக்கொண்ட விதிகளை மீறினால் கேட்போரின் நம்பிக்கையை இழந்துவிடும். ஆங்கில மிகுபுனைவாசிரியர் டோல்கின் 1939இல் ஆற்றிய உரையொன்றில் இவ்வகை உள்ளிசைவையே புனைவுலகின் அடிப்படையாகக் காட்டினார். தம் கதையின் பயணத் தொலைவுகளையும் நிலவின் பிறைகளையும் அவர் கணக்கிட்டு எழுதியமை பலரும் அறிந்தது. ஒரு தனி ஆசிரியர் கணக்கிட்டுச் செய்வதை, வாய்மொழி மரபில் பல தலைமுறைப் பாடகரும் கேட்போரும் சேர்ந்து செய்கின்றனர். வேளாண்மை தெரிந்த அவையின் முன் பாடும் பாடகர், கரை உடைந்த குளத்தில் மறுநாள் நீர் நிற்பதாகப் பாட இயலாது.

2. காரணம்: கிளியும் வெட்சியும்

படையெடுப்பின் காரணத்தைக் கதை தெளிவாகக் காட்டுகிறது. அண்ணன்மாரின் தங்கை தங்காள் காட்டிலுள்ள கிளிகளை விரும்புகிறாள். சங்கரும் அவருடைய துணைவனாகிய சாம்புகனும் காட்டுக்குள் சென்று கிளி பிடிக்கின்றனர். ஆண்கிளி அகப்படுகிறது, பெண்கிளி தப்பிப் பறந்து, வேட்டுவர் குலப்பெண் வீரத்தங்காளிடம் முறையிடுகிறது. அவள் தன் உடன்பிறந்தாரிடம் பழிவாங்கும்படி வேண்டுகிறாள். அதன் விளைவே கொம்பனின் வருகை.

இந்நிகழ்ச்சியைச் சிறுபிள்ளைத்தனமான விருப்பத்தின் விளைவாகக் கொள்வது மேலோட்டமான வாசிப்பாகும். தொல்காப்பியப் புறத்திணையியல் போரின் தொடக்கத்தை வெட்சியில் வைக்கிறது. வேந்தனின் ஏவலால் பகைவர் நாட்டு ஆநிரையைக் களவில் கவர்ந்து வருதல் வெட்சி. ஆநிரையின் மதிப்புக்காக மட்டும் இது செய்யப்படுவதில்லை. எல்லை கடக்கப்பட்டது என்பதை அறிவிப்பதே அதன் போர்ப்பொருள். கிளி கவர்தல் இக்கதையின் வெட்சி எனலாம். ஏவுபவள் தங்கை, கவர்பவர் அண்ணன், கவரப்படுவது காட்டின் உடைமை. ஆநிரைக்கு மாற்றாகக் கிளி வருவது புனைவுலகின் தேவை. மேய்ச்சல் நிலத்தின் செல்வம் ஆநிரை; அதுபோலக் காட்டின் செல்வமாக நிற்பது கிளி.

இதனால் ஒரு முக்கியமான உண்மை வெளிப்படுகிறது. எல்லையை முதலில் கடந்தவர் சங்கர். வேட்டுவரின் தாக்குதல் அதற்கான மறுமொழி. கவரப்பட்ட நிரையை மீட்கச் செல்வதைக் கரந்தை எனத் தனித் திணையாகப் பிரிக்கும் புறப்பொருள் வெண்பாமாலையின் நோக்கில், வேட்டுவர் தரப்பின் எழுச்சி கரந்தையாகவே தொடங்குகிறது. மேலும் பின்சென்று நோக்கினால், வளநாட்டின் தொடக்கமே காடு கொன்று நாடாக்கிய செயல். உழவரின் முன்னோர் வந்து நிலம் திருத்தும் முன்னரே அங்கு வேட்டுவர் இருந்தனர் என்பதைப் பாட்டு வடிவமே ஒப்புக்கொள்கிறது. உழவர் பக்கம் நின்று பாடப்படும் கதை, பகைவரின் காரணத்தையும் இவ்வளவு நேர்மையாகச் சேமித்து வைத்திருப்பது கருதத்தக்கது.

இரு தரப்பிலும் தங்கைகள் இருப்பதும், தங்காள், வீரத்தங்காள் என அவர்களின் பெயர்களே ஒன்றையொன்று எதிரொலிப்பதும் தற்செயலாகா. போரை விரும்புவதும் ஏவுவதும் அதற்காக அழுவதும் இரு பக்கத்திலும் ஒரே உறவுநிலையில் அமைக்கப்பட்டுள்ளன.

3. இலக்கு: கரையும் கழனியும்

கொம்பன் வளநாட்டுக்குள் புகுந்து அரண்மனையைத் தாக்கவில்லை. அவன் பயிரை அழிக்கிறான். நீர்நிலைகளின் கரைகளை உடைக்கிறான். இவ்விலக்குத் தேர்வே இப்படையெடுப்பின் திறத்தைக் காட்டுகிறது.

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. கோவைப் பகுதியின் ஆண்டுச் சராசரி மழையளவு ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ. வரையே. இத்தகைய நிலத்தில் வேளாண்மை என்பது நீரைத் தேக்குவதும் திருப்புவதுமே ஆகும். நொய்யலாற்றின் அணைக்கட்டுகளும் அவற்றிலிருந்து வாய்க்கால் வழியாக நிரம்பும் குளங்களும், பவானியாற்றிலிருந்து பிரிந்து செல்லும் 13ஆம் நூற்றாண்டின் காலிங்கராயன் வாய்க்காலும் இதற்குச் சான்றுகள். காலிங்கராயன் வாய்க்கால் பாம்பு சென்ற வழியில் வெட்டப்பட்டது என்னும் வழக்காறு இன்றும் கூறப்படுகிறது. நீர்வழியை உருவாக்கியதற்கு ஒரு விலங்கைக் காரணமாக்கும் அதே மண்ணில், நீர்வழியை அழிப்பதற்கும் ஒரு விலங்கைக் காரணமாக்கும் கதை வழங்குவதில் வியப்பில்லை.

கிணற்றுப் பாசனத்தில் ஒருவரின் கிணறு கெட்டால் ஒருவரின் தோட்டம் வாடும். குளத்துப் பாசனத்தில் கரை ஓரிடத்தில் உடைந்தால் மதகின்கீழ் உள்ள ஆயக்கட்டு முழுவதும் பாழாகும். உடைப்பின் வழியே வெளியேறும் நீர் நிற்கும் பயிரையும் அரித்துச் செல்லும். அடுத்த மழை வரும்வரை நிலம் தரிசாகும். மிகக் குறைந்த வலிமையால் மிகப் பெரிய அழிவைச் செய்யத்தக்க இடம் கரை. படைவலியில் குறைந்த தரப்பு தேர்ந்தெடுக்க வேண்டிய இலக்கு அதுவே.

பகைவர் நாட்டின் நீரைத் தாக்குதல் தமிழ்ப் போர்மரபில் புதியதன்று. வஞ்சித்திணையின் துறைகளுள் பகைப்புலத்தை எரியூட்டும் எரிபரந்தெடுத்தல் உண்டு. பகைவர் வயலைக் கொள்ளையிட்டுப் பாழ்செய்வதை மழபுல வஞ்சி என்பர். காவற்குளங்களில் களிறுகளைப் படியவிட்டு நீரைக் கலக்குவதையும், வென்ற நிலத்தில் கழுதை பூட்டி உழுவதையும் புறநானூறு காட்டுகிறது. நிலத்தை வளப்படுத்தும் உழவுச் செயலே அங்கு நிலத்தை இழிவுபடுத்தும் செயலாகத் திருப்பப்படுகிறது. கொம்பனின் கொம்புகளும் நிலத்தைக் கீறுகின்றன. ஆயின் அது விதைப்பதற்கான கீறல் அன்று, கழனியை மீண்டும் காடாக்கும் கீறல். கழுதை ஏர் செய்ததைக் கொம்பு செய்கிறது. சங்க இலக்கியத்தின் போர்க்குறியீட்டுக்கும் இவ்வாய்மொழிக் கதையின் காட்சிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என இக்கட்டுரை கூறவில்லை. உழவுச் சமூகத்தின் அச்சம் இரண்டிலும் ஒரே உருவில் வெளிப்படுகிறது என்பதே கருத்து.

வஞ்சியின் அடிப்படை மண்ணாசை எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. கொம்பனின் வருகை வஞ்சியின் செயல்களைக் கொண்டிருந்தும் வஞ்சியின் நோக்கத்தைக் கொண்டிருக்கவில்லை. வேட்டுவர்க்கு வயல் வேண்டுவதில்லை. வயல் வயலாக இருக்கக்கூடாது என்பதே அவர்கள் வேண்டுவது. இவ்வேறுபாடு படையெடுப்பின் தோல்வியை விளக்கும் முதற் கூறாகிறது.

4. படையும் வழியும் தாங்குதிறனும்

பெரும்படை நகரும்போது சோறு, நீர், தீவனம், வழி ஆகியவை தேவைப்படும். இரவில் மறைவது கடினம். புழுதி எழுந்தால் தொலைவிலேயே தெரியும். கொம்பனுக்கு இவை எவையும் தேவையில்லை. அவன் தனி ஆள். அழிக்கும் பயிரே அவன் உணவு. உடைக்கும் குளமே அவன் நீர். காட்டின் விளிம்பும் கழனியின் விளிம்பும் ஒட்டியிருப்பதால் வழியும் குறுகியது. ஒரு படைத்தலைவன் விரும்பத்தக்க அனைத்தும் இவ்வொரு விலங்கில் அமைந்துள்ளன. வேட்டுவர் தம் ஆட்களை இழக்காமல், தம் காட்டின் வலிமையை மட்டும் அனுப்புகின்றனர்.

ஆனால் இந்நன்மைகளே குறைகளும் ஆகின்றன. அழித்த இடத்தில் நிலைத்து நிற்க ஆள் தேவை. உடைத்த கரையைக் காவல் காத்து, அதனை மீண்டும் கட்டவிடாமல் தடுத்தால்தான் அழிவு தோல்வியாக மாறும். கொம்பன் வந்து அழித்துக் காட்டுக்குத் திரும்புகிறான். அவன் திரும்பிய மறுகணமே கரை உழவர்வசம் வந்துவிடுகிறது. உடைந்த கரையை ஊர் கூடி அடைப்பது குளத்துப் பாசன ஊர்களின் வழக்கமான கடமை. மழை உடைத்தாலும் பன்றி உடைத்தாலும் அவ்வேலை ஒன்றே. ஆண்டுதோறும் தூர்வாரி, கரை உயர்த்தி, மதகு சீர்செய்யும் சமூகத்திடம், ஒருமுறை கரை உடைப்பது அதன் அன்றாட உழைப்பின் எல்லைக்குள் அடங்கும் அழிவே.

இதுவே படையெடுப்பின் முதன்மையான கணக்குப் பிழை. வேட்டை வாழ்வில் ஒரு தாக்குதலே முடிவு. விலங்கு வீழ்ந்தால் வேலை முடிந்தது. உழவு வாழ்வில் எதுவும் ஒருமுறையில் முடிவதில்லை. வேட்டுவர் தம் தொழிலின் காலக்கணக்கைக் கொண்டு உழவரின் காலக்கணக்கை அளந்தனர் எனலாம். கதை இதனை வெளிப்படையாகக் கூறவில்லை. நிகழ்ச்சிகளின் அமைப்பிலிருந்து பெறப்படும் ஊகம் இது.

ஆயினும் கொம்பன் ஒன்றைச் சாதிக்கிறான். அவன் விடுக்கும் அறைகூவல் அண்ணன்மாரைக் காட்டுக்குள் இழுக்கிறது. படையெடுப்பு என்ற நிலையில் தோற்றது, பொறி என்ற நிலையில் வேலைசெய்யத் தொடங்குகிறது.

5. வேட்டை: கணக்கில் வராத நாய்

அண்ணன்மார் தம் ஆட்களையும் நாய்களையும் திரட்டிக்கொண்டு வேட்டைக்குப் புறப்படுகின்றனர். திரண்ட வலிமை கொம்பனிடம் பலிக்கவில்லை. வேட்டைக்கு அழைக்கப்படாமல் விடுபட்ட பொன்னாச்சி என்னும் சிறு பெண் நாயே, அப்பன்றியின் மெலிந்த இடத்தைக் கடித்து நிறுத்துகிறது; அதன்பின்னரே சங்கரின் ஈட்டி பாய்கிறது.

கேட்போர் பெரிதும் விரும்பும் இப்பகுதி போர்நோக்கிலும் பொருளுடையது. படையெடுப்போர் எதிரியின் வலிமையைக் கணக்கிடும்போது வீரர், படைக்கலம், பெயர்பெற்ற வேட்டைநாய்கள் ஆகியவற்றையே எண்ணுவர். வீட்டுக்குள் கிடக்கும் சிறு நாயை எவரும் எண்ணுவதில்லை. அண்ணன்மாரே அதை எண்ணவில்லை என்பது கதையின் நுட்பம். வளநாட்டைக் காத்தது அந்நாட்டின் ஆள்வோர் மதிக்க மறந்த ஒன்று. சாம்புகனின் இடத்தையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். கிளி பிடிக்கும் பயணத்திலும் போரிலும் சங்கரோடு நிற்பவன் அவன். சமூகப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்டவன். ஆள்வோரின் வெற்றி, ஆள்வோர் எனப்படாதவரின் தோள்மேல் நிற்பதைக் கதை மறைக்கவில்லை.

கொங்கு நாட்டில் பரவலாகக் காணப்படும் புலிகுத்திக் கற்களும் பன்றியோடு பொருது மாண்டோர்க்கு எடுத்த நடுகற்களும் இங்கு நினைவுகூரத்தக்கன. பட்டியையும் பயிரையும் விலங்கிடமிருந்து காத்து மடிந்தவரை வீரராகப் போற்றும் மரபு அவற்றில் தெரிகிறது. விலங்கை எதிர்த்தல் இம்மண்ணில் போருக்கு நிகராக மதிக்கப்பட்டது. எனவே கொம்பனைப் பகைப்படையாக நிறுத்துவது பாடகரின் கட்டற்ற கற்பனையன்று. அவையின் நினைவோடு ஒத்துச் செல்வது.

6. வீழ்ந்த பன்றியும் இரண்டாம் போரும்

கொம்பன் வீழ்ந்ததோடு படையெடுப்பு முடிந்திருக்க வேண்டும். அவ்வாறு முடியவில்லை. பன்றியின் உடலை முன்னிட்டே வேட்டுவர்க்கும் அண்ணன்மார்க்கும் நேருக்கு நேரான போர் மூள்கிறது. நிலத்துக்காகவோ நீருக்காகவோ அன்றி, வீரத்தின் சான்றாகிய உடலுக்காக நிகழும் இப்போர், மறத்தை நிலைநாட்டுவதே பொருளாக வந்த வேந்தரோடு பொருதும் தும்பைத் திணைக்கு அணுக்கமானது.

இவ்விடத்தில் கிரேக்க மரபின் கலிடோன் பன்றிக் கதை ஒப்பிடத்தக்கது. தனக்கு உரிய பலியை மறந்த அரசனின் நாட்டின்மீது ஆர்ட்டெமிஸ் என்னும் காட்டுத்தெய்வம் ஒரு பன்றியை ஏவுகிறாள். அது தோட்டங்களை வேரோடு சாய்க்கிறது. மெலியாகர் பலரைத் திரட்டி அதனை வீழ்த்துகிறான். அதன் தலையும் தோலும் யாருக்கு என்ற பூசலில் போர் மூள்கிறது. ஹோமரின் இலியத்து ஒன்பதாம் பகுதியிலேயே இக்கதை கூறப்பட்டுள்ளது. இரண்டிலும் பன்றியின் படையெடுப்புத் தோற்கிறது. பன்றியின் பிணம் செய்யும் பகை வெல்கிறது. அங்கு ஏவுபவள் தெய்வம். இங்கு ஏவுவோர் மனிதர். தெய்வச் சினத்துக்குக் காரணம் கேட்க இயலாது. மனிதச் சினத்துக்குக் காரணம் கேட்கலாம். கேட்டால் கிளி நினைவுக்கு வரும்.

மற்றொரு பக்கம், அண்ணன்மாரைப் பிரிக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. பொன் மரக்கால் எனச் சொல்லி, பொன்பூசிய மரக்காலைப் பொன்னரிடம் ஒப்படைத்துப் பழிசுமத்தும் சூழ்ச்சி பல வடிவங்களிலும் காணப்படுகிறது. தலையூர்க் காளியை வேட்டுவர் தலைவனாக முதன்மைப்படுத்தும் வடிவங்களில் இச்சூழ்ச்சியும் பகைவர் திட்டத்தின் பகுதியாகிறது. காட்டில் வலிமைமிக்க சங்கர். நாட்டில் வாக்குத் தவறாத பொன்னர். ஒருவரை வீரத்தாலும் மற்றவரை நேர்மையாலும் பிடிக்கும் இத்திட்டம், முதல் தாக்குதலைவிட நுட்பமானது. கரையை உடைப்பதைவிட உடன்பிறப்பைப் பிரிப்பது பயன்தரும் என்பதைப் பகைவர் கற்றுக்கொண்டனர்.

7. முடிவு: வாகை இல்லாத வரிசை

நேர்ப்போரில் வேட்டுவர் அண்ணன்மாரை வெல்லவில்லை. அண்ணன்மாரும் வென்று வீடு திரும்பவில்லை. அவர்களுக்கு விதிக்கப்பட்ட வாழ்நாள் பதினாறு ஆண்டுகள்; அது நிறைவுறுகிறது. பாட்டு வடிவத்தில் மாயவரின் செயலால் தன் காலம் முடிந்ததை உணரும் சங்கர் தன் வாளின்மீதே வீழ்கிறார். பொன்னர் தம்பியைத் தொடர்கிறார். அரண்மனைக்குத் தீயிட்டு, அண்ணன்மாரைத் தேடிக் காட்டுக்குள் அலையும் தங்காள், படுகளத்தில் அவர்களை உயிர்ப்பித்துச் சிறிது நேரம் உரையாடுகிறாள். பின் அவ்வுயிரும் நிற்பதில்லை.

இதுவரை கண்ட நிகழ்ச்சிகளைப் புறத்திணை வரிசையில் நிறுத்தினால் பின்வரும் அமைப்புக் கிடைக்கிறது. கிளி கவர்தல் வெட்சி. பெண்கிளியின் முறையீட்டால் எழும் வேட்டுவர் எழுச்சி கரந்தை. கொம்பனின் வருகை வஞ்சி. கரைகளைக் காத்தல் அரண் காக்கும் நொச்சியின் சாயல். பன்றியின் உடலுக்கான போர் தும்பை. படுகளம் நிலையாமை கூறும் தொல்காப்பியக் காஞ்சி. தும்பைக்கும் காஞ்சிக்கும் இடையே வரவேண்டிய வாகை இங்கு இல்லை. வெற்றிமாலை சூடிய எவரும் களத்திலிருந்து திரும்பவில்லை. நாட்டுப்புறப் பாடகர் இலக்கண நூலைப் பின்பற்றினார் என்பது இதன் பொருளன்று. போரின் படிநிலைகளை அறிந்த ஒரு மரபு, வெற்றி என்னும் படியை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இப்புனைவுலகின் போர்விதியையும் இப்போது வரையறுக்கலாம். சங்கர் எல்லை கடந்து இணைக்கிளிகளுள் ஒன்றை மட்டுமே பெறுகிறார், இணை கிட்டவில்லை. கொம்பன் எல்லை கடந்து கழனியைக் குலைக்கிறான். அதனை வைத்துக்கொள்ள அவன் உயிரோடில்லை. அண்ணன்மார் எல்லை கடந்து பன்றியை வீழ்த்துகின்றனர்; தாம் காத்த கழனிக்கு அவர்கள் திரும்பவில்லை. காடு கழனியை வெல்லவில்லை. கழனியும் காட்டை வெல்லவில்லை. கடந்தவர் எவரும் எடுத்ததை வைத்துக்கொள்ளவில்லை.

இவ்விதியின் தனித்தன்மையை டோல்கினின் கதையோடு ஒப்பிட்டு உணரலாம். அங்கும் காடு ஒரு கோட்டையின்மீது படையெடுக்கிறது; மரங்களின் காவலராகிய எண்டுகள் ஆற்றைத் தடுத்துத் திருப்பி இசங்கார்டை வெள்ளத்தில் ஆழ்த்துகின்றனர். அங்கு நீர் காட்டின் ஆயுதம். மரம் வெட்டியோர் தோற்கின்றனர். படைப்பாளியின் பரிவு முழுமையாகக் காட்டின் பக்கம் நிற்கிறது. அண்ணன்மார் கதையில் நீர் உழவரின் உடைமை. பரிவு பெரிதும் கழனியின் பக்கம். ஆயினும் முடிவு எந்தப் பக்கத்துக்கும் தரப்படவில்லை. பரிவையும் தீர்ப்பையும் பிரித்து வைக்கும் இத்திறமே வாய்மொழிக் காப்பியத்தின் முதிர்ச்சி.

8. வாசிப்பின் பொறுப்பு

கதையின் இருதரப்புப் பெயர்களையும் தாங்கிய சமூகங்கள் இன்றும் கொங்கு நாட்டில் அடுத்தடுத்து வாழ்கின்றன. அண்ணன்மாரைக் குலதெய்வமாக வணங்குவோர் உள்ளனர்; தலையூர்க் காளியைத் தம் முன்னோராகப் போற்றுவோரும் உள்ளனர். கதையை ஒரு தரப்பின் வரலாற்று வெற்றியாக எடுத்துரைக்கும் போக்கு மேடைகளிலும் துண்டு வெளியீடுகளிலும் காணப்படுகிறது. அவ்வாசிப்பு, படையெடுப்பின் கூறுகளை ஒன்றொன்றாக எடுத்துப் பார்க்கும்போது நிற்பதில்லை. வெற்றிபெற்றதாகச் சொல்லப்படும் தரப்பின் வீரர்கள் களத்திலேயே கிடக்கின்றனர். படையெடுத்ததாகச் சொல்லப்படும் தரப்பு, தனக்கு உரியதைக் கேட்டே முதலில் எழுந்தது.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறை வட்டத்திலுள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது இக்கதையின் நிகழ்ச்சிகள் சடங்காக நிகழ்த்தப்படுகின்றன. கொங்கு ஊர்களின் படுகளச் சடங்கில் அருள்வந்தோர் மாண்டவராய் வீழ்வதும், பின் எழுப்பப்படுவதும் மையமாக அமைகின்றன. சடங்கு எதனைத் தேர்ந்தெடுத்து மீண்டும் நிகழ்த்துகிறது என்பது பொருள்பொதிந்தது. அதன் உச்சம் வெற்றி ஊர்வலத்தில் அமையவில்லை. வீழ்தலிலும் எழுதலிலுமே அமைகிறது. கூடியிருப்போர் பகைவனின் தோல்வியைக் கொண்டாடுவதைவிடத் தங்கையின் அழுகையைப் பகிர்ந்துகொள்கின்றனர். கதையின் உட்பொருளைச் சடங்கு, மேடைப் பேச்சைவிட நன்கு காத்துவைத்திருக்கிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோட்டங்களில் காட்டுப்பன்றியும் யானையும் புகுந்து பயிரழித்தல் இன்றும் தொடரும் துயரம். ஓரிரவில் வாழையும் கரும்பும் இழந்த உழவரின் துயரம் உண்மையானது. காட்டின் விளிம்பு சுருங்கிவருவதும் உண்மையானது. கொம்பன் ஏன் வந்தான் எனக் கேட்கும் கதையை வைத்திருக்கும் சமூகம், இக்கேள்வியை இன்றைய நிலைக்கும் கேட்கும் தகுதி பெற்றது.

9. முடிவுரை

அண்ணன்மார் கதையின் கொம்பன் பகுதி, தன் புனைவுலகின் விதிகளுக்குள் முழுமையாகச் சிந்திக்கப்பட்ட ஒரு படையெடுப்பு. அதன் காரணம் கிளி கவர்தல். இலக்கு நீர்நிலைகளின் கரை. படை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் தனி விலங்கு.

அழித்த இடத்தில் நிலைத்து நிற்க இயலாமை, மீண்டும் மீண்டும் செப்பனிடும் உழவுழைப்பின் இயல்பைக் கணிக்காமை, எதிரியின் வீட்டிலுள்ள எளியதன் வலிமையை அறியாமை ஆகிய மூன்றும் அப்படையெடுப்பின் தோல்விக்குக் காரணங்கள். அது பொறியாக மாறியபோது பெற்ற பயனும் வேட்டுவர்க்கு வெற்றியைத் தரவில்லை.

வெட்சி முதல் காஞ்சி வரை நீளும் இவ்வரிசையில் வாகை இல்லை. எனவே இக்கதையை இருதரப்பு இழப்பின் பாட்டாகக் கொள்வதே அதன் கட்டமைப்புக்கு உகந்த வாசிப்பு. பிற வட்டார வடிவங்களிலும் கொம்பன் பகுதியை இதே கூறுகளின் அடிப்படையில் ஒப்பிட்டு நோக்கினால், எந்த வடிவம் எந்த இடத்தில் வாகையைச் சேர்க்கிறது, எக்காலத்தில், எந்த அவைக்காகச் சேர்க்கிறது என்பவை தெளிவாகும். அவ்வொப்பீடு இவ்வாய்வின் அடுத்த படியாக அமையும்.